மிளகாய் விளைந்த ஆண்டுகள், பசி விளைந்த ஆண்டுகள்

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களில், திறந்து பார்க்க வேண்டும் என்று சுங்க அதிகாரிகள் குறித்தவற்றில் பல ஒருகொடவத்தை முற்றத்துக்கு வருகின்றன. களனிப் பாலத்துக்குச் சற்று முன்னால், பேஸ்லைன் வீதியோரம், லொறிகள் மணிக்கணக்கில் காத்து நிற்பதைக் கொழும்பில் வாழும் எவரும் பார்த்திருப்பார்கள். பெரிய வெங்காயம், செத்தல் மிளகாய், மைசூர்ப் பருப்பு, உருளைக்கிழங்கு, மல்லி, சீனி. பரிசோதனை முடிந்ததும் சரக்கு புறக்கோட்டை நான்காம், ஐந்தாம் குறுக்குத்தெருக்களுக்குப் போகும்; நாட்டாமிமாரின் தோளேறி இறங்கி, வெள்ளவத்தைச் சமையலறை வரை வந்துவிடும். ஒருகொடவத்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள். இந்தத் தீவு எதைச் சாப்பிடுகிறது, எதில் ஓடுகிறது என்பது முழுவதும் அந்த ஒரு சந்தியைச் சுற்றிக் கிடக்கிறது.

அந்தப் பட்டியலில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் வேறொரு வரலாறு இருக்கிறது. 1970களின் பெரும்பகுதியில் அவை கப்பலில் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் லொறியிலும் ரயிலிலும் வந்தன.

இப்போது இதை எழுதக் காரணம், மேற்கு ஆபிரிக்காவிலுள்ள புர்க்கினா பாசோ. சொந்தக் காலில் நிற்போம் என்று சொல்லும் அந்த நாட்டின் இளம் இராணுவத் தலைவர் இப்ராஹிம் த்ரோரேயின் காணொளிகள் எங்கள் பிள்ளைகளின் கைபேசிகளிலும் ஓடுகின்றன. கடனுக்காகக் கையேந்தி, எரிபொருள் வரிசையில் இரவு பகலாய் நின்ற ஒரு தலைமுறைக்கு அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். அந்த இனிப்பில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த வழியில் நாங்களும் ஒருமுறை நடந்திருக்கிறோம். அப்போது யார் நிமிர்ந்தார்கள், யார் விழுந்தார்கள் என்ற கணக்கை நாங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டு கொத்து அரிசி

எங்கள் உணவுக் கடன் பழையது. வெள்ளைக்காரன் மலைகளில் தேயிலையையும் அடிவாரத்தில் இறப்பரையும் நட்டான். சோற்றைப் பர்மாவிலிருந்து இறக்கினான். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. இறப்பரைக் கொடுத்துச் சீனாவிடம் அரிசி வாங்க 1952இல் உடன்படிக்கை செய்துகொண்டோம். அடுத்த ஆண்டே 25 சதமாக இருந்த ஒரு கொத்து அரிசியை 70 சதமாக்கினார்கள். 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அன்றிலிருந்து இந்த நாட்டில் தேர்தல் என்றால் அரிசிதான்.

1970 மே மாதத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி வென்றது. நிலாவிலிருந்தாவது கொண்டுவந்து இரண்டு கொத்து அரிசி தருவோம் என்ற வாக்குறுதி அந்தத் தேர்தலின் அடையாளமாகிவிட்டது. நிதியமைச்சர், சமசமாஜக் கட்சியின் என்.எம்.பெரேரா. கையிருப்பில் அந்நியச் செலாவணி இல்லை. தேயிலையின் விலை ஏறவில்லை. வாங்க வேண்டியவற்றின் விலையோ ஏறிக்கொண்டே போனது. 1973இல் எண்ணெய் விலை பல மடங்காகியது, கோதுமையும் அரிசியும் ஏறின. அரசு கதவைச் சாத்தியது. இறக்குமதிக்குத் தடை, துணிக்குப் பங்கீடு, சீனிக்குப் பங்கீடு. உணவு உற்பத்தியைப் போர் என்றே அழைத்தார்கள். சிங்களத்தில் ‘வகா சங்கிராமய’.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைச் ‘சிறிமா காலம்’ என்பார்கள், அல்லது ‘கூப்பன் காலம்’. பாணுக்கு விடியற்காலையில் வரிசை. சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் இரண்டு நாள் சோறு கிடையாது. மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசியும் மிளகாயும் கொண்டுபோவதைத் தடுக்கத் தெருவில் தடிமரம் போட்டு மறித்தார்கள். பேருந்தில் ஏறிப் பைகளைக் கிளறினார்கள். மரவள்ளிக்கிழங்கு காலையும் மாலையும் தட்டில் இருந்தது. கொழும்பில் அந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் வருவது கசப்புத்தான்.

அதே நாட்களைப் பற்றி யாழ்ப்பாணத்துக் கமக்காரரிடம் கேட்டால் முகம் மலரும்.

செம்மண்ணில் வந்த காசு

யாழ் குடாநாட்டில் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது, கிணறுதான் கதி. துலா மிதித்து இறைத்த காலம் போய், மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்திருந்தது. கோப்பாய், உரும்பிராய், இணுவில், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் நிலம் சிறு துண்டுகள். ஒரு குடும்பத்துக்கு ஏக்கரில் ஒரு பகுதி. ஆனால் அந்தத் துண்டில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பயிர் எடுக்கத் தெரிந்த கைகள். பூவரசங்குழையும் பிற குழைகளும் வெட்டி மண்ணுக்குள் தாழ்ப்பார்கள், ஆட்டுப்பட்டி அடைப்பார்கள், அதற்கு மேல் யூரியாவும் போடுவார்கள். புகையிலை, சின்ன வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு என்று மண்ணைச் சுற்றவிடுவார்கள்.

இந்தியாவிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவது நின்றபோது இந்தக் கைகளுக்கு ஒரு நாடு முழுவதும் சந்தையாகக் கிடைத்தது. விலை ஏறியது. மிளகாய்க் காசில் கட்டிய கல்வீடு என்று இன்றும் வடக்கில் வீடுகளைக் காட்டுவார்கள். உழவு இயந்திரம் வாங்கினார்கள், பெண் பிள்ளைகளுக்குச் சீதனம் சேர்த்தார்கள், படிக்க வைத்தார்கள்.

அது குடாநாட்டோடு நிற்கவில்லை. 1960களின் பிற்பகுதியிலேயே விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த இளைஞர்களுக்கான குடியேற்றத் திட்டங்கள் தொடங்கியிருந்தன. 1970களில் பல்கலைக்கழகத் தரப்படுத்தலால் கதவடைபட்டு, அரசாங்க வேலையும் கிடைக்காமல் நின்ற தமிழ்ப் பிள்ளைகளில் பலர் காற்சட்டையை மடித்துக்கொண்டு அந்தக் காட்டு நிலத்தில் இறங்கினார்கள். எழுதுவினைஞர் வேலையே மானம் என்று நம்பிய ஒரு சமூகம் மண்வெட்டியைப் பார்த்த பார்வை அந்த ஆண்டுகளில் மாறியது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய சாதனையாக நான் கருதுவது இதைத்தான்.

இதில் அரசின் பங்கு எளிமையானது: வெளிச்சரக்கை நிறுத்தியது, அவ்வளவே. ஆனால் அந்த ஒன்று பல ஆண்டுகள் மாறாமல் இருந்தது. இந்த வருடம் மிளகாய் நட்டால் அடுத்த வருடமும் விலை இருக்கும் என்று கமக்காரர் நம்பினார். நம்பியதால் கடன்பட்டுக் கிணறு வெட்டினார்.

கிழக்கே மருதமுனையிலும் அதே கதை. இறக்குமதித் துணி நின்றதும் முஸ்லிம் நெசவாளர்களின் கைத்தறி இரவு பகலாய் ஓடியது. அந்த ஊரின் சாரத்தையும் சேலையையும் நாடு முழுவதும் வாங்கியது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டு வணிகச் சஞ்சிகைகளின் வரத்து கட்டுப்படுத்தப்பட்ட அந்தக் காலத்தில்தான் எங்கள் எழுத்தாளர்களுக்கு வாசகர் பெருகினார்கள். வீரகேசரி வெளியீடாக ஈழத்து நாவல்கள் தொடர்ந்து வந்தன. டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’ சஞ்சிகை நிமிர்ந்து நின்றது. கதவு சாத்தியிருந்த வீட்டுக்குள் எங்கள் குரல் எங்களுக்கே கேட்டது.

காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை, ஆனையிறவு உப்பளம் எல்லாம் அதற்கு முன்பே தமிழ்ப் பகுதிகளில் நின்று நாட்டுக்குத் தேவையானதைச் செய்துகொண்டிருந்தன. சீமெந்துக்கும் காகிதத்துக்கும் உப்புக்கும் கப்பலை மட்டுமே பார்த்திருக்காத ஒரு காலம் இந்த நாட்டுக்கு இருந்தது.

லயத்தில் அணைந்த அடுப்பு

இதே ஆண்டுகள், இதே அரசு, இதே கொள்கை. அட்டனுக்கும் நாவலப்பிட்டிக்கும் நுவரெலியாவுக்கும் போங்கள்.

மலையகத் தொழிலாளியிடம் நிலம் இல்லை. அவர் குடியிருந்த வரிசைவீடான லயத்தின் முன்னால் இருந்த இரண்டு முழ மண்ணும் தோட்டத்துரையின் மண். மரவள்ளி நடு, வளரு என்று வானொலி சொன்னபோது நடுவதற்கு அவருக்கு இடமில்லை. உணவு முழுக்கப் பங்கீட்டு அரிசியும் கோதுமை மாவும்தான். காலையில் ரொட்டி, இரவில் ரொட்டி. 1973இல் இலவச அரிசி பாதியாக வெட்டப்பட்டது. மாவின் விலை இரட்டிப்பைத் தாண்டியது. அதே நேரத்தில் தேயிலைத் தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்தன. நாட்சம்பளக்காரருக்கு வேலை குறைந்தால் சோறு குறைந்தது. கிராமத்தவருக்குப் பலாக்காய் இருந்தது, கீரை இருந்தது, அயல்வீட்டுக் கைமாற்று இருந்தது. லயத்தில் எல்லாரும் ஒரே நாளில் வெறுங்கையாய் இருந்தார்கள்.

1974இல் தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் நாட்டுச் சராசரியைப் பெரிதும் தாண்டிப் போனது. குழந்தைகளும் முதியவர்களும் முதலில் போனார்கள். பட்டினியால் என்று எந்தச் சான்றிதழும் எழுதுவதில்லை. வயிற்றோட்டம், காய்ச்சல் என்றுதான் எழுதும். கண்டித் தெருக்களிலும் மலைநாட்டு நகரங்களிலும் கொழுந்து பறித்த கைகள் பிச்சைக்கு நீண்டன. நாட்டுக்கு அந்நியச் செலாவணியில் பெரும்பங்கை ஈட்டிக் கொடுத்தவை அந்தக் கைகளே.

அவர்களில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல், அந்தப் பசியின் நடுவே, சரிபாதியாகப் பங்கிட்டார்கள். 1953இல் அரிசி விலைக்காக ஒரு பிரதமர் போனார். 1974இல் லயங்களில் பிணம் விழுந்தபோது எந்த அமைச்சரின் நாற்காலியும் ஆடவில்லை. வாக்குள்ளவரின் பசியும் வாக்கில்லாதவரின் பசியும் ஒரே அரசாங்கத்தின் காதில் ஒரே மாதிரி விழுவதில்லை.

நிலச் சீர்திருத்தமும் அவர்களைத் தேடி வரவில்லை. 1972இன் சட்டம் 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் வெளிநாட்டுக் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. சுயசார்பின் பெயரில் செய்த மிகப் பெரிய காரியம் அது, நியாயமான காரியமும்தான். ஆனால் தோட்டத்தைப் பிரித்துக் கொடுத்தபோது அதில் தலைமுறையாய் உழைத்தவருக்குப் பங்கு இல்லை. பல இடங்களில் அவர்கள் லயத்திலிருந்தே விரட்டப்பட்டார்கள். 1977 மே மாதம், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் நடந்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்.

பசியாலும் பின்னர் கலவரத்தாலும் துரத்தப்பட்டவர்கள் வடக்கு நோக்கி நடந்தார்கள். வவுனியாவில் காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்த முயன்றது. கிளிநொச்சி, விசுவமடு, தர்மபுரம் பக்கத்து மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு இறங்கினார்கள். அந்தச் செழிப்பான செத்தல் மிளகாயில் எவ்வளவு இவர்கள் பறித்தது என்று வடக்கு தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவேண்டும். கல்வீட்டுக் கதையைப் பெருமையோடு சொல்லும் நாங்கள், அந்த வீட்டு வேலியோரக் கொட்டிலில் இருந்தவரின் கதையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

கதவு திறந்த பிறகு

1977 யூலையில் ஆட்சி மாறியது. நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கொழும்பு மூச்சுவிட்டது. பாண் வரிசை மறைந்தது. அந்த நிம்மதியைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் வடக்கின் மிளகாயும் வெங்காயமும் வெளிச்சரக்கின் விலைக்கு முன்னால் நிற்க முடியாமல் சரிந்தன. மருதமுனைத் தறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. ஏழு ஆண்டுகள் நாட்டுக்குச் சோறு போட்டவருக்கு ஓராண்டு அவகாசம்கூடக் கொடுக்கவில்லை. தோட்டத்தில் இனி எதிர்காலம் இல்லை என்று கண்ட இளைஞர் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை இந்த நாட்டின் அடுத்த முப்பது ஆண்டுகள் சொல்லும்.

அந்த முப்பது ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு வகைச் சுயசார்பும் வந்தது, விரும்பி வந்ததல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல், சீமெந்து, மின்கலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. ஜாம் போத்தலில் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வெடிமருந்தாகும் என்று யூரியாவும் தடைப்பட்டியலில் இருந்தது. அதாவது, இரசாயன உரம் இல்லாமல் கமம் செய்யும்படி ஓர் அரசு தன் குடிமக்களைக் கட்டாயப்படுத்தியது 2021இல் முதல்தடவை அல்ல. தெற்கின் விவசாயி அதை அறிவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வடக்கின் கமக்காரர் அறிந்துவிட்டார். மீண்டும் குழை தாழ்த்தார், ஆட்டெருவைத் தேடிப் போனார், குறைந்த விளைச்சலோடு உயிர் தப்பினார். வடக்கின் அந்த அனுபவத்தைக் கேட்டறிந்திருந்தால் கொழும்பில் 2021இன் பசளைத் தடை வர்த்தமானியை எழுதியவர்களின் கை நடுங்கியிருக்கும்.

கடலே இல்லாத நாடு

புர்க்கினா பாசோவுக்குக் கடற்கரை இல்லை. மாலி, நைஜர், பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட் என்று ஆறு நாடுகள் சுற்றி நிற்கின்றன. இலங்கையைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட நிலப்பரப்பு. எங்களைவிடச் சற்றே அதிகமான, சுமார் 2 கோடி 30 இலட்சம் மக்கள். வடக்கே மணல், தெற்கே பருத்தி. கப்பலில் வரும் எதுவும் அடுத்த நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, அந்த நாட்டு வீதியில் ஓடித்தான் தலைநகர் வாகடூகுவை அடையும்.

பிரெஞ்சுக்காரர் அந்த மண்ணை ‘மேல் வோல்டா’ என்றார்கள். ஐவரி கோஸ்ட்டின் கோப்பி, கொக்கோத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் இடமாகவே அதை வைத்திருந்தார்கள். 1932இல் அந்தக் குடியேற்ற நாட்டையே கலைத்து அயலவற்றோடு சேர்த்தார்கள். 1947இல்தான் மீண்டும் தனியாக்கினார்கள். புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கண்டிச் சீமைக்கு ஆள் கட்டி வந்த கதையை அறிந்த எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1954இல் அபிஜானிலிருந்து ரயில்பாதை வாகடூகுவை எட்டியபோதும் அது ஏற்றிச் சென்ற முக்கியமான சரக்கு மனித உழைப்பு.

1983 ஓகஸ்ட் 4ஆம் திகதி 33 வயதுக் கப்டன் தோமா சங்காரா ஆட்சியைப் பிடித்தார். ஓராண்டு கழித்து நாட்டின் பெயரையே மாற்றினார். நேர்மையான மனிதரின் நாடு என்ற பொருளில் புர்க்கினா பாசோ. அமைச்சர்களின் மெர்சிடிஸ் கார்களை விற்று, மலிவான ரெனோ 5 கார்களைக் கொடுத்தார். உள்ளூர்ப் பருத்தியில் கையால் நெய்த ‘பாசோ தன் பானி’ துணியை அரசு ஊழியர்கள் உடுத்தவேண்டும் என்றார். நூற்றவர்களும் நெய்தவர்களும் பெரும்பாலும் பெண்கள் என்பதால் காசு அவர்கள் கைக்குப் போனது. 1984இல் சில வாரங்களில் 25 இலட்சம் அளவிலான குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஒவ்வொருவருக்கும் நாளுக்கு இரண்டு வேளை உணவும் 10 லீற்றர் தண்ணீரும் என்பதை இலக்காக வைத்தார். கனவு என்று பார்த்தால் சின்னது. ஆனால் அதுவும் கிடைக்காத மக்களிடம் பேசினார். 1987 யூலையில் அடிஸ் அபாபாவில் ஆபிரிக்கத் தலைவர்களின் முன்னால் நின்று, கடனைத் திருப்பிக் கட்ட மறுப்போம் என்றார். மூன்று மாதத்தில், ஒக்டோபர் 15ஆம் திகதி, கொல்லப்பட்டார். அவருடைய நண்பர் பிளேஸ் கொம்பவோரே அதன்பின் 27 ஆண்டுகள் ஆண்டார்.

சங்காராவை நான் மதிக்கிறேன். அதே சங்காரா, 1984இல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒரே அடியில் வேலைநீக்கம் செய்தார் என்பதையும் அறிவேன்.

அந்த நாட்டின் சுயசார்பில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் ஜனாதிபதி எவருமல்ல, யகூபா சவாதோகோ என்ற விவசாயி. 1980களின் வறட்சியில் அயலவர் ஊரைவிட்டுப் போனபோது அவர் கல்லாய் இறுகிய நிலத்தில் குழி தோண்டினார். ‘ஸாய்’ என்று அவர்கள் சொல்லும் அந்தக் குழி பாட்டன் காலத்துப் பழக்கம்தான். அவர் அதைக் கொஞ்சம் பெரிதாக்கினார், உள்ளே எருவும் குப்பையும் போட்டார், மழைக்கு முன்பே தோண்டி வைத்தார். கறையான் எருவைத் தேடி வந்து மண்ணைத் துளைத்தது, முதல் மழை அந்தத் துளைகளில் இறங்கியது, சோளமும் கம்பும் முளைத்தன, பின் மரங்களும். பைத்தியம் என்று ஊர் சிரித்தது. பிறகு சுற்றுக் கிராமங்களும் அண்டை நாடுகளும் கற்றுக்கொள்ள வந்தன. 2018இல் அவருக்கு மாற்று நோபல் என்று சொல்லப்படும் வாழ்வாதார உரிமை விருது கிடைத்தது, 2023இல் மறைந்தார். எந்தத் தலைவரும் அவருக்கு உத்தரவிடவில்லை.

இப்போதைய காலத்துக்கு வருவோம். 2022இல் ஒரே ஆண்டில் இரண்டு இராணுவப் புரட்சிகள். செப்டெம்பர் 30ஆம் திகதி இரண்டாவதை நடத்தியவர் கப்டன் த்ரோரே. பிரெஞ்சுப் படைகள் 2023 தொடக்கத்தில் வெளியேறின. மாலி, நைஜருடன் சேர்ந்து சாஹேல் நாடுகளின் கூட்டணி அமைந்தது. 2025 ஜனவரியில் மூன்றும் மேற்கு ஆபிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தை விட்டு விலகின. தங்கம்தான் நாட்டின் முதன்மை ஏற்றுமதி. சுரங்கச் சட்டத்தை மாற்றி, சில சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டது. பொபோ டியுலாசோவில் தக்காளி பதப்படுத்தும் ஆலை திறக்கப்பட்டது. கானாவுக்குப் பச்சைத் தக்காளியை விற்று, டின்னில் அடைத்த தக்காளியை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த நாட்டுக்கு அது அவசியமான ஆலைதான்.

மறுபக்கமும் இருக்கிறது. ஆயுதக் குழுக்களின் வன்முறையில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்ததாக அரசே 2023இல் கணக்குக் காட்டியது. 2024 பெப்ரவரியில் நொந்தின், சோரோ என்ற இரு கிராமங்களில் இராணுவம் 223 பொதுமக்களைக் கொன்றதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் பதிவு செய்தது. தேர்தல் தள்ளிப்போனது, விமர்சித்த செய்தியாளர்கள் பிடிக்கப்பட்டுச் சீருடை மாட்டிப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். இடம்பெயர்ந்தவரின் வயலில் யார் விதைப்பார்? கிராமத்தில் பசி என்று எழுதப் பத்திரிகை இல்லாவிட்டால் தலைநகரில் அது எப்படித் தெரியும்? முள்ளிவாய்க்காலைக் கண்ட எங்களுக்கு, தேசத்தின் மானம் என்ற ஒலிபெருக்கிக்கு அடியில் எந்தக் குரல்கள் அமுங்கும் என்று தெரியும். அந்தக் காணொளிகளைப் பார்க்கும் எங்கள் பிள்ளைகளிடம் தக்காளி ஆலையைப் பற்றியும் சொல்லவேண்டும், நொந்தினைப் பற்றியும் சொல்லவேண்டும்.

ஒரே இரவில் இயற்கை விவசாயம்

எங்கள் நாட்டுக்குத் திரும்புவோம். 2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி, இரசாயனப் பசளையின் இறக்குமதியை நிறுத்தியது. நஞ்சற்ற உணவு என்றார்கள். செலாவணி மிச்சம் என்பது உள்ளே இருந்த கணக்கு. சிறுபோகம் தொடங்கும் நேரம். மாற்றுப் பசளை களஞ்சியத்தில் இல்லை, கற்றுக்கொடுக்க ஆளில்லை, ஒரு போகம் பரீட்சித்துப் பார்க்கக்கூட இடைவெளி இல்லை. சீனாவிலிருந்து சேதனப் பசளையோடு வந்த கப்பலைக் கிருமி இருக்கிறது என்று இறக்கவிடாமல் வைத்து, பிறகு பணத்தையும் கட்டினோம். நவம்பரில் தடை விலகியது. அதற்குள் காலபோகம் கைவிட்டுப் போயிருந்தது. அரிசியில் தன்னிறைவுக்கு அருகில் நின்ற நாடு அரிசி இறக்குமதிக்குப் போனது. தேயிலையும் வீழ்ந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். யூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார்.

மஞ்சளின் கதை அதற்குச் சற்று முந்தியது. இறக்குமதியை நிறுத்தியதும் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்குப் போனது. இராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் இடையே தங்கம் கடத்திய படகுகள் மஞ்சள் மூட்டை ஏற்றின. மங்கலத்துக்கும் மருந்துக்கும் கறிக்கும் வேண்டிய ஒன்றைக் களவில் வாங்கும்படி ஆனது. மஞ்சள் கிழங்கு நட்டு எடுக்க ஒன்பது மாதமாவது வேண்டும். நடச் சொல்லி, விதைக்கிழங்கு கொடுத்து, விளைந்ததைக் கண்ட பிறகு கதவைச் சாத்தியிருந்தால் இன்று கதை வேறு.

1970களில் மிளகாய் வெற்றி பெற்றதற்கும் 2021இல் நெல் தோற்றதற்கும் இடையில் இருப்பது இதுதான். அன்று கமக்காரருக்குத் தேவையான தண்ணீரும் பசளையும் அறிவும் கையில் இருந்தன. சந்தையை மட்டும் அரசு கொடுத்தது. 2021இல் சந்தை இருந்தது. அவர் கையிலிருந்ததை அரசு பறித்தது.

2025 தொடக்கத்தில் இந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. மழை பெய்து உப்பளங்கள் கெட்டது உண்மை. நாலு பக்கமும் கடல் இருந்தும் உப்புக்குக் கப்பல் வந்தது என்பதும் உண்மை. அதே ஆண்டு மார்ச்சில் ஆனையிறவில் மேசையுப்பு ஆலை திறக்கப்பட்டது; பொதியில் ‘ரஜ லுணு’ என்று சிங்களப் பெயரைப் போட்டதால் வடக்கில் எதிர்ப்பு எழுந்தது. பெயரில் என்ன என்று கொழும்பில் கேட்டவர்கள் உண்டு. தன் மண்ணில் விளைந்ததைத் தன் பெயரில் விற்க வேண்டும் என்பது சுயசார்பின் முதல் ஆசை; வாகடூகுவில் ‘பாசோ தன் பானி’ துணியை உடுத்தியவர்களின் ஆசையும் அதுவே.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. யாழ்ப்பாணத்து வெங்காய அறுவடையும் தம்புள்ளைப் பெரிய வெங்காய அறுவடையும் வரும் மாதங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. இறக்குமதி வெங்காயத்துக்கான விசேட வர்த்தகப் பண்ட வரியை அறுவடைக்கு முன்பே உயர்த்துவதா, விலை விழுந்து விவசாயி தெருவில் கொட்டிய பிறகு உயர்த்துவதா என்பது ஓர் அமைச்சரின் கையெழுத்துத்தான். விதைக்கும் முன்பே அடுத்த மூன்று போகத்துக்கான வரியை அறிவித்துவிடலாம். வன்னியில் குளிர்களஞ்சியம் கட்டலாம். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிவிட்டது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். பசளையைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் கமக்காரரோடு உட்கார்ந்து, பத்து ஆண்டுத் திட்டமாக.

எல்லாவற்றுக்கும் முதலில் மலையகம். 2022இன் நெருக்கடியில் உணவுப் பாதுகாப்பின்மை தோட்டத் துறையில்தான் மிக மோசம் என்று உலக உணவுத் திட்டம் கண்டது. 1974க்கும் 2022க்கும் நடுவில் வாக்கு வந்துவிட்டது, அமைச்சர்கள் வந்துவிட்டார்கள், நிலம் வரவில்லை. 2023இல் மலையகத் தமிழர் இங்கு வந்த 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்தோம். புதிய வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச், சிலவற்றில் 10 பேர்ச் காணி கொடுக்கிறார்கள். 7 பேர்ச் என்பது 1,900 சதுர அடிக்குச் சற்றே அதிகம். வீடும் கழிவறையும் கட்டிய பிறகு அதில் ஒரு பாத்தி கீரை போடலாம். பயிரிட ஆளில்லாமல் புல் மண்டிக் கிடக்கும் தேயிலை நிலங்கள் அந்த வீடுகளுக்கு எதிரிலேயே இருக்கின்றன. அடுத்த முறை கப்பல் வராமல் போகும் காலத்துக்கு முன்பாக, குடும்பத்துக்கு அரை ஏக்கர் என்று அந்த நிலத்தை உறுதியோடு எழுதிக் கொடுக்கவேண்டும்.